அரைமில்லி அத்தான் காரைத் தாழ்த்திய கதை

சக்கரத்தின் மேல்விளிம்புக்கும் அதன் மேலிருக்கும் வளைவுக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று பார்த்துவிட்டுத்தான் என் அத்தான் எந்தக் காரைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்வார். நல்ல கார் என்றால் ஒரு விரல். சுமார் என்றால் இரண்டு. அவருடைய சொந்தக் காரில் நான்கு விரல் தாராளமாக நுழைந்தது. பதினொரு வருஷமாகத் தினமும் விடியற்காலையில் வாசலில் குனிந்து அந்த நான்கு விரலையும் விட்டுப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், பிறகு கதவைத் திறப்பார். ராத்திரியோடு ராத்திரியாக அந்த இடைவெளி தானாகக் குறைந்திருக்கும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே நான் இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அத்தான் என்றால் அக்காவின் புருஷன். கீழ்வீட்டில் அவர்கள், மாடியில் நான். மூக்குக்கண்ணாடிக் கடையில் பின்னறை வேலை அவருக்கு. முன்னால் விற்பவர்கள் சிரித்துப் பேசி ஃபிரேமை மாட்டிவிடுவார்கள். பின்னால் இவர் லென்ஸைத் தேய்த்து அந்த ஃபிரேமுக்குள் உட்கார வைப்பார். தேய்க்கும் கல்லின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். ஜன்னல் ஓரம் அந்த ஈர வட்டத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, அப்படியே நிற்பார். கூப்பிட்டால் காதில் விழாது. எந்திரம் சரி என்று சொன்ன லென்ஸைக்கூட அரை மில்லி இடிக்கிறது என்று திரும்பத் தேய்ப்பவர் என்பதால் கடையில் அவருக்கு ‘அரைமில்லி’ என்று பேர். அக்கா மூக்குக்கண்ணாடி போட வந்த அன்று அவளுடைய இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்தாராம். அறுபத்தொரு மில்லி. கல்யாணப் பேச்சு வந்தபோது பெண் எப்படி என்று அவர் அம்மா கேட்டதற்கு, “அறுபத்தொண்ணும்மா” என்று சொல்லியிருக்கிறார். வயது என்று நினைத்து அந்த அம்மாவுக்கு மயக்கம் வராத குறை.

அக்கா ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகள் வார்டில் நர்ஸ். பதினொரு வருஷமாக இரவு டியூட்டி. வேண்டாம் என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்துவிட்டார்கள், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பகலில் அந்த வார்டு டாக்டர்களுடையது, பார்வையாளர்களுடையது; இரவில்தான் அது என்னுடையது என்பாள். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் உள்ளங்கை அளவு உயிர்கள் மூச்சு விடுவதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் அவளுக்கு என்ன சுகமோ, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வேலையை அவளிடமிருந்து எடுத்தால் அவளில் பாதியை எடுத்தது போல. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

தூக்கம்தான் பிரச்சினை. பகலில் வீட்டில் படுத்தால் அவளுக்குத் தூக்கம் வராது. கறுப்புத் திரை போட்டாயிற்று, காதில் பஞ்சு வைத்தாயிற்று, பக்கத்து வீட்டு மோட்டார்காரரோடு சண்டையும் போட்டாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்குத் தூக்கம் வந்த ஒரே இடம் அத்தானின் கார். காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஏறுவாள், பெல்ட் போடுவாள், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொள்வாள். இரண்டாவது சிக்னல் வருவதற்குள் வாய் லேசாகத் திறந்துவிடும். வீடு வர முப்பத்தைந்து நிமிஷம். வந்ததும் அத்தான் தோளைத் தொடுவார். அவள் கண்ணை முழுசாகத் திறக்காமலே இறங்கி நடந்துபோய்க் கட்டிலில் விழுவாள். காரில் பற்றிக்கொண்ட தூக்கத்தை அணையாமல் அப்படியே கட்டில் வரைக்கும் கொண்டுபோய்விடுவாள் என்று வையுங்கள். அப்புறம் மத்தியானம் ஒரு மணி வரை மோட்டார் போட்டாலும் சரி, இடி இடித்தாலும் சரி. காரில் பற்றாத நாளில் கட்டிலிலும் பற்றாது.

அவர் பத்து மணிக்குக் கடைக்குப் போவார், எட்டரைக்குத் திரும்புவார். அவள் எட்டரைக்கு ஆஸ்பத்திரி வேனில் புறப்படுவாள், அது வேறு வழி. ஒரே மகள் வெளியூரில் ஹாஸ்டலில். ஆக அந்தத் தம்பதி ஒன்றாக இருந்தது அந்த முப்பத்தைந்து நிமிஷம்தான், அதிலும் ஒருவர் ஓட்டிக்கொண்டு, ஒருவர் தூங்கிக்கொண்டு. வாய்விட்டுக் குறை சொல்லும் ஜாதி இல்லை இருவரும். நான்தான் அவர்களுக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

எனக்கு வேலை கார் உதிரிபாகக் கடையில். கல்லாவில் இல்லை, கவுண்டரில். பதினான்கு வருஷமாக பிரேக் பேடும் பெல்ட்டும் பல்பும் எடுத்துக் கொடுத்து எடுத்துக் கொடுத்து, காரின் சத்தத்தை வைத்தே எது போயிருக்கிறது என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன். காரைத் தாழ்த்துவதற்கு என்று வருகிறவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. எல்லாம் இருபது வயசுத் துரைமார்கள். “அக்கா, ரோட்டை நக்கணும்” என்பான் ஒருவன். நக்கிக்கொள் என்று ஸ்பிரிங்கை எடுத்துக் கொடுத்துவிடுவேன். மூன்றாம் மாதம் அடிபாகம் கிழிந்து, அதே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நிற்பான்.

அதனால்தான் ஐம்பத்திரண்டு வயசில் அத்தான் என் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, “காரைக் கொஞ்சம் கீழ இறக்கணும்மா” என்று மெதுவாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நாற்பதுக்கு மேல் ஓட்டாத மனுஷர். மாட்டுவண்டிக்காரன்கூட ஹாரன் அடித்து இவரை முந்துவான்.

“எதுக்கு அத்தான், ரேஸ் விடவா?”

“இல்ல. சும்மா, பார்க்கறதுக்கு.”

“யார் பார்க்க?”

அவர் கவுண்டரில் கோணலாகக் கிடந்த பில் புத்தகத்தை நேராக்கினார். பிறகு, இருபது வயதில் ஒரு மழைநாள் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது அந்தப் பக்கம் போன ஒரு காரைப் பற்றிச் சொன்னார். என்ன கார், என்ன நிறம் எதுவும் நினைவில்லையாம். ஆனால் ரோட்டுக்கும் காருக்கும் நடுவே இடைவெளியே இல்லாமல், ஈரத்தில் அதன் நிழலும் அதுவும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் வழிந்து போயிற்றாம். “ஓடல, வழிஞ்சுது” என்றார். அன்றிலிருந்து கனவில் அடிக்கடி வருகிறதாம். கனவில் அவர்தான் ஓட்டுகிறார். எங்கே போகிறார் என்று தெரியாது, போய்க்கொண்டே இருக்கிறார். முப்பத்திரண்டு வருஷமாக இந்த மனுஷர் இதை யாரிடமும் சொல்லவில்லை. நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

“உன் அக்கா தூக்கம் மட்டும் கெடக் கூடாது. அது முக்கியம்” என்றார் உடனே. “அது கெடும்னா வேண்டாம், இப்படியே இருக்கட்டும்.”

இதுதான் சிக்கல். தாழ்த்துகிற ஸ்பிரிங் குட்டையாக இருக்கும்; குட்டையாக இருப்பதால் விறைப்பாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பள்ளத்தில் உட்கார்ந்துவிடும். விறைத்தால் குலுக்கும். ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. பழைய ஷாக்கின் மேல் குட்டை ஸ்பிரிங்கைப் போட்டால் அது ஆறே மாதத்தில் வாயைப் பிளக்கும். இதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். சொன்னது என் தப்பு. மறுவாரம் ஒரு நோட்டோடு வந்தார்.

அந்த நோட்டைப் பற்றி எங்கள் கடையில் இன்னும் பேசுகிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரை பதினேழு வேகத்தடைகள். பதினேழையும் ஞாயிற்றுக்கிழமை அதிகாலைகளில் ஸ்டீல் ஸ்கேலும் நூலும் வைத்து அளந்திருக்கிறார். ஒன்பதாவது தடையின் முன்னால் ரோட்டில் குப்புறப் படுத்திருந்தவரைப் பார்த்து டிராஃபிக் போலீஸ்காரர் ஆம்புலன்ஸுக்கே போன் போட்டுவிட்டார். பதினேழில் உயரமானது ஆஸ்பத்திரி வாசலில் இருப்பதுதான், நூற்றுப் பத்து மில்லி. காரின் வயிறு தரையிலிருந்து நூற்று அறுபத்தைந்து. அவர் எடை, அக்கா எடை, சாப்பாட்டுப் பை, தண்ணீர் பாட்டில் உட்பட எல்லாம் ஏறினால் எவ்வளவு அமுங்குகிறது என்று தனிப் பக்கம். கணக்குப்படி முப்பது மில்லி தாழ்த்தலாம்.

“நீ உன் எடையைச் சொன்னேன்னா இன்னும் சரியாப் போடுவேன்” என்றார்.

“என் எடை எதுக்கு?”

“சனிக்கிழமை நீயும் வர்றே இல்ல, காய்கறியோட.”

ஆஸ்பத்திரிக்குப் பின்னால்தான் காய்கறி மொத்தச் சந்தை. சனிக்கிழமைதோறும் அவரோடு போய் வாரத்துக்கான காயை வாங்கிக்கொண்டு, அக்கா முன்னால், நான் பின் சீட்டில் என்று திரும்புவது என் வழக்கம். எடையைச் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவரே உத்தேசமாக ஒன்றைப் போட்டுக்கொண்டார். அந்த எண்ணைப் பார்த்து இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

பதினொரு மாதம் தேர்ந்தெடுத்தார். ஒரு ஸ்பிரிங்கை இவ்வளவு காலம் யாரும் பெண் பார்ப்பதுபோல் பார்த்திருக்க மாட்டார்கள். சாப்பாட்டு இடைவேளையில் வருவார். கண்ணாடித் தடுப்புக்குள் வைத்திருக்கும் ஸ்பிரிங்கை எடுத்துக் கொடுக்கச் சொல்வார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, அதன் சுருளுக்குள் பார்ப்பார். அங்கே அவருக்கு மழை பெய்த அந்தத் தெரு தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். முகம் அப்படி இருக்கும். வாடிக்கையாளர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். நானும் அவசரப்படுத்துவதை விட்டுவிட்டேன். ஒரு மனுஷர் விழித்துக்கொண்டே கனவு காணும்போது அவரிடம் போய் பில் போடட்டுமா என்று கேட்க மனம் வராது.

கடைசியில் முப்பது மில்லி குட்டையான ஸ்பிரிங், அதற்கென்றே செய்த குட்டை ஷாக் நான்கு. அந்த ஷாக்கை நான்தான் எடுத்து வைத்தேன். அதன் தலையில் ஒரு சின்னத் திருகு இருக்கும். முன்பக்கத்துத் திருகுகள் பானெட்டைத் திறந்தால் கைக்கு எட்டும், பின்பக்கத்தவை டிக்கி விரிப்பின் கீழே. ஒன்றிலிருந்து பதினாறு வரை. ஒவ்வொரு படிக்கும் கிளிக் என்று ஒரு சத்தம். ஒன்று மெத்து, பதினாறு கல்.

“எதிலயும் திருப்தி வராத ஆளுக்குன்னே செஞ்சது அத்தான் இது” என்றேன்.

மாட்டியது எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக். எதைக் கேட்டாலும் “உடனே” என்பார், அதனால் பேரே உடனே. மூன்று நாள் ஆக்கினார். முடிந்ததும், “பத்துல வச்சிருக்கேன் சார், இந்த வண்டிக்குப் பத்துதான் அழகு” என்றார். அத்தான் அக்காவின் எடைக்கு மணல் மூட்டையைப் பக்கத்து சீட்டில் ஏற்றி, அதற்கு பெல்ட்டும் போட்டு, அதன் மடியில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பதினேழு தடைகளையும் கடந்து வந்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. ஒரு தடையிலும் அடி தட்டவில்லை.

அன்று சாயங்காலம் நான் பால்கனியில் இருந்தேன். லேசாகத் தூறியிருந்தது. தெருமுனையில் அந்தக் கார் திரும்பியபோது வேறு யாருடையதோ என்றுதான் நினைத்தேன். நாற்பதில்கூட இல்லை, இருபதில் வந்தது. ஈர ரோட்டில் அதன் நிழல் அதோடு ஒட்டிக்கொண்டே வந்தது. வீட்டைத் தாண்டிப் போனது. மறுபடி சுற்றிக்கொண்டு வந்தது. மறுபடி தாண்டிப் போனது. எதிரே இருக்கும் கண்ணாடிக் கட்டடத்தில் தன் காரைத் தானே பார்த்துக்கொள்கிறார் மனுஷர் என்று ஐந்தாவது சுற்றில்தான் எனக்குப் புரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒருவருக்கு அவர் கேட்டது அப்படியே கிடைப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை.

மறுநாள் காலை அக்கா ஏறினாள். இரண்டாவது சிக்னலில் தூங்கினாள். அதற்கப்புறம் வந்த தடைகள், பள்ளிக்கூடத் தடை உட்பட, எதுவும் அவளை அசைக்கவில்லை. பிறகு மேம்பாலம் வந்தது.

மேம்பாலத்தில் வேகத்தடை கிடையாது, அதனால் நோட்டில் அது இல்லை. ஆனால் அதன் கான்கிரீட் பலகைகள் சேரும் இடங்களில் குறுக்கே கோடு கோடாக இடுக்குகள். உயரமே இல்லாதவை. அத்தானின் ஸ்கேலுக்கு அவை வெறும் பூஜ்யம். மணல் மூட்டைக்கும் அவை தெரியவில்லை, டம்ளர் தண்ணீருக்கும் தெரியவில்லை. தூங்குகிற மனுஷிக்குத் தெரிந்தது. டொக், டொக், டொக் என்று சீராக, கதவைத் தட்டுவதுபோல். பாதிப் பாலத்தில் அக்கா கண்ணைத் திறந்தாள்.

“எங்க இருக்கோம்?”

“மேம்பாலம்.”

“நம்ம வழியில மேம்பாலம் இருக்கா?”

பதினொரு வருஷமாகத் தினமும் அந்தப் பாலத்தின் மேல் போகிறாள். ஒரு தடவைகூட அவள் அதைப் பார்த்ததில்லை. கீழே குளம், அதன் மேல் புகைபோலப் பனி, மொட்டைமாடிகளில் ஆடும் துணிகள், எங்கோ ஒரு தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் உட்கார்ந்து உலகத்தை மேற்பார்வை பார்க்கும் ஒற்றைப் பருந்து. ஜன்னல் பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளைபோல் பார்த்துக்கொண்டே வந்தாளாம். பிறகு பேச ஆரம்பித்தாள். வார்டைப் பற்றி, பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பொடிசைப் பற்றி, கண்ணாடிக்கு வெளியே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் அப்பாக்களைப் பற்றி. வீடு வந்தும் பேசினாள்.

அன்று சாப்பாட்டு இடைவேளையில் அத்தான் கவுண்டருக்கு வந்தார். குறை சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். “உன் அக்கா நல்லாப் பேசறாம்மா” என்றார், ஏதோ புதுசாகக் கண்டுபிடித்ததுபோல. முகம் அப்படி மின்னியது. நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை பின் சீட்டில் முட்டைக்கோஸை அணைத்துக்கொண்டு நானே கேட்டேன். அவள் பேசுகிறாள், அவர் ம் ம் என்கிறார், கார் பனிக்குள் வழிந்து போகிறது. இப்படியே வீடு வராமல் போய்க்கொண்டிருந்தால் என்ன என்று எனக்கே தோன்றியது.

ஒரு மாதம் இப்படிப் போயிற்று. அக்காவின் கண்ணுக்குக் கீழே கறுப்பு இறங்கியதை நான் கவனித்தேன், கவனித்தும் வாயைத் திறக்கவில்லை. அது என் பங்கு. பகலில் அவள் கீழே நடந்துகொண்டே இருக்கும் சத்தம் மாடிக்குக் கேட்கும். காபியில் சர்க்கரை போட்டதை மறந்து மறுபடி போடுவாள். பூட்டிய கதவைத் திரும்பப் போய்ப் பூட்டுவாள். ஒரு வியாழக்கிழமை என் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள். யூனிபார்ம் புடவையைக்கூட மாற்றவில்லை.

ஆயிரத்து நூறு கிராம் என்று எழுத வேண்டிய இடத்தில் ஆயிரத்து எழுநூறு என்று எழுதிவிட்டாளாம். எடையை வைத்துத்தான் மருந்து. அடுத்த டியூட்டி நர்ஸ் ஒப்பிட்டுப் பார்க்கும்போது கண்டுபிடித்துவிட்டாள், மருந்து போகவில்லை, குழந்தைக்கு ஒன்றும் இல்லை. தலைமை நர்ஸ் திட்டவில்லை. இன்னொரு தடவை நடந்தால் வெளிநோயாளிப் பிரிவுக்கு மாற்ற வேண்டி வரும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

“அவங்க சொல்றது சரிதான்டி. நானா இருந்தா இப்பவே மாத்தியிருப்பேன்” என்று சொல்லிவிட்டு அழுதாள். அக்கா அழுது நான் பார்த்தது அதுதான் இரண்டாவது முறை.

எனக்கு ரத்தம் கொதித்தது. நேரே கண்ணாடிக் கடைப் பின்னறைக்குப் போனேன். கல் சுற்றிக்கொண்டிருந்தது, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எந்திரத்தை நிறுத்தினார்.

“உங்களுக்கு அந்தத் திருகைக் குறைச்சுப் பார்க்கணும்னு தோணவே இல்லையா அத்தான்? அதுக்குத்தானே அதைக் கொடுத்தேன்? எல்லாத்தையும் அளப்பீங்களே!”

“பார்த்தேன்” என்றார்.

“என்னது?”

“முதல் ஞாயித்துக்கிழமையே பார்த்தேன். தனியாப் போய். மூணுல வச்சா மேம்பாலம் தெரியவே இல்ல. வெண்ணெய் மாதிரி போகுது.”

“அப்புறம்?”

அவர் கையிலிருந்த லென்ஸைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. “திரும்பப் பத்துல வச்சுட்டேன்.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் நின்றேன். வரவில்லை. இந்த மனுஷருக்கு அக்கா தூங்குவதைப் பார்த்துக்கொண்டு ஓட்டியதில் பதினொரு வருஷம் போயிருக்கிறது. ஒரு மாதம் திருடியிருக்கிறார். திருடியது அவளுடைய தூக்கத்தை. கோபமும் இருந்தது, பாவமாகவும் இருந்தது, எது அதிகம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

“நீங்களே அவகிட்ட சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை அவர் வாயைத் திறக்கவில்லை என்பது அன்று நான் கடைக்குப் புறப்படும்வரை அக்கா கீழே நடந்துகொண்டிருந்த சத்தத்திலேயே தெரிந்தது. சனிக்கிழமை ஏழு மணிக்கு, ஆஸ்பத்திரி வாசலில், காய்கறிப் பைகளுக்கு நடுவே நான் பின் சீட்டில் இருந்தேன். அக்கா வந்தாள். நடையிலேயே சோர்வு தெரிந்தது. அத்தான் காரை விட்டு இறங்கினார். பானெட்டைத் தூக்கினார். அக்கா கதவில் கை வைத்தபடி நின்றாள்.

“வண்டிக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் இல்ல. இதைக் குறைக்கிறேன்.” கிளிக், கிளிக் என்று ஏழு தடவை. மறுபக்கம் ஏழு. பிறகு பின்னால் வந்து டிக்கி விரிப்பைத் தூக்கி அங்கேயும் ஏழேழு. என் தலைக்குப் பின்னாலேயே அந்தச் சத்தம் கேட்டது. “இப்ப மேம்பாலம் உன்னை எழுப்பாது.”

“இது புதுசா மாட்டினதா?”

“இல்ல. முதல்லேருந்தே இருக்கு.”

“அப்ப ஏன் குறைக்கல?”

அவர் டிக்கி மூடியை அழுத்தி மூடினார். ஆஸ்பத்திரிக்குள் போகிறவர்கள் வளைந்து போனார்கள்.

“நீ பேசிட்டு வந்தே” என்றார். “குறைச்சா தூங்கிடுவே.”

நான் முட்டைக்கோஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கத்துவாள், அல்லது ஆட்டோ பிடித்துப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கார் புறப்பட்டது. முதல் சிக்னலுக்கு வந்தோம். சிவப்பு விழுந்திருந்தது. நேராகப் பார்த்துக்கொண்டே அக்கா ஆரம்பித்தாள், நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்பவள்போல.

“மூணாம் பெட்டிக் குழந்தையோட அம்மாவை நேத்து முதல் தடவையா உள்ள விட்டோம். பதினெட்டு நாளா கண்ணாடி வழியாப் பார்த்துட்டு இருந்தவ. நான்தான் குழந்தையை எடுத்து அவ நெஞ்சு மேல வச்சேன். வச்ச உடனே அவ...”

பச்சை விழுந்தது. கார் நகர்ந்தது. மிச்சம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். தலை பெல்ட்டின் பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது.

மேம்பாலத்தின் இடுக்குகளை நான் உணரவே இல்லை. குளத்தின் மேல் பனி இருந்தது. பருந்து இருந்ததா என்று பார்க்கவில்லை. நான் அத்தானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் அவர் கண் மட்டும் தெரிந்தது. ரோட்டைப் பார்க்கும், இடப்பக்கம் திரும்பும், மறுபடி ரோட்டைப் பார்க்கும். அவர் கனவில் கண்ட காரில்தான் உட்கார்ந்திருந்தார், ஒரு குலுக்கலும் இல்லாமல் அது வழிந்துகொண்டிருந்தது. அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

வீட்டு வாசலில் மரநிழலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். ஜன்னல்களை இறக்கிவிட்டார். வழக்கம்போல் தோளைத் தொடக் கை போயிற்று. தொடாமல் திரும்பி வந்துவிட்டது. நான் இறங்கியிருக்கலாம். கதவுச் சத்தத்தில் எழுந்துவிடுவாளோ என்று பயந்து உட்கார்ந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன். எட்டரை ஆனது, ஒன்பதரை ஆனது. பக்கத்து வீட்டு மோட்டார் ஓடி நின்றது. என் கீரை வாடியது. பத்தேகாலுக்கு அவர் கடையிலிருந்து போன் வந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு நாளும் தாமதமாகப் போகாத மனுஷர் அதை எடுக்காமல் அப்படியே அணைத்து வைத்தார்.

பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா கண்ணைத் திறந்தாள். மரத்தைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். முகம் நன்றாகத் தெளிந்திருந்தது.

“எங்க விட்டேன்?” என்றாள்.

அத்தான் அவள் பக்கம் திரும்பினார். “குழந்தையை அவ நெஞ்சு மேல வச்சே. வச்ச உடனே அவ...”

“ஆமா. உடனே அவ அதுகிட்ட மன்னிப்புக் கேட்டா. ‘இன்னும் ரெண்டு மாசம் உன்னை உள்ளயே வச்சிருக்க முடியலையே, என்னை மன்னிச்சுடுடா’ன்னு. தேம்பித் தேம்பி.” அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். “அந்தப் பொடிசு என்ன பண்ணுச்சு தெரியுமா?”

“என்ன பண்ணுச்சு?”

“வாயைத் திறந்து பெரிசா ஒரு கொட்டாவி விட்டுச்சு. அவ்வளவுதான். அதுக்கு அதுவே பெரிய வேலை.”

அத்தான் ஸ்டீரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. அக்கா அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு நாலாம் பெட்டிக் குழந்தையின் கதையை ஆரம்பித்தாள். நான் கதவைத் திறந்து, காய்கறிப் பைகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினேன்.